போனை எடுக்காத வீடுகள்

நோய் பரவிய அந்த வருஷம், என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியிலிருந்து பிழைத்து வந்தார். நானும் கொஞ்ச காலம் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்து, இனிமேல் போகலாம் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் வேலைக்குத் திரும்பினேன். பல்கலைக்கழகத்தில் சுகாதாரக் கொள்கை ஆய்வுத் துறை இருக்கிற கட்டடத்தைப் பெருக்கித் துடைப்பதும் டீ போட்டுக் கொடுப்பதும் என் வேலை. அன்று மாடிப்படி ஏறும்போது, எதிரே இறங்கி வந்தவர்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டு எனக்கு வழிவிட்டார்கள். யாரையும் குறை சொல்ல மாட்டேன். எல்லாருக்கும் பிள்ளைகுட்டி இருக்கிறது, பயம் இருக்கத்தானே செய்யும். ஆனாலும் வாளியைத் தூக்கிக்கொண்டு தலையைக் குனிந்தபடிதான் நடந்தேன்.

அப்போது மேடம் தன் அறையிலிருந்து வெளியே வந்தார். ஒரு கையில் காகிதக் கட்டு, இன்னொரு கையில் போன். என்னைப் பார்த்து எப்படி இருக்கிறீர்கள் என்றுகூடக் கேட்கவில்லை. “அக்கா, இதைக் கொஞ்சம் பிடிங்க. உள்ள சார்ஜ் போட்டுருங்க” என்று போனை என் கையில் வைத்துவிட்டு அவர் பாட்டுக்குத் தாழ்வாரத்தில் நடந்து போய்விட்டார். ஒருவர் தொட்ட பேனாவை இன்னொருவர் தொடாத காலம் அது. போன் என்பது முகத்தோடு ஒட்டி வைத்துப் பேசுகிற சாமான். நான் அறைக்குள் போய் அதைச் சார்ஜில் போடும்போதுதான் கவனித்தேன். பேட்டரி நிறைந்துதான் இருந்தது.

அந்த மேடத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

துறையில் எல்லாரும் அவரை ‘ஒரு நிமிஷம் மேடம்’ என்பார்கள். யாருக்குப் போன் செய்தாலும், ஒரு நிமிஷம் பேசலாமா என்று கேட்டுத்தான் தொடங்குவார். அந்த ஒரு நிமிஷம் எப்போது முடியும் என்று அவருக்கும் தெரியாது, எதிரே பேசுகிறவருக்கும் தெரியாது. நான் வைத்த டீ ஆடை கட்டி ஆறிப்போகும். எடுத்துப் போய்ச் சூடு பண்ணி வைப்பேன். அதுவும் ஆறும். மேடத்தோட ஒரு நிமிஷம் முடியறதுக்குள்ள நான் ரிடயர் ஆயிடுவேன் என்று துறைத் தலைவரே கேலி செய்வார். மேடம் சிரித்துக்கொண்டே, கொண்டையில் செருகியிருக்கும் பென்சிலை உருவி எதையாவது குறித்துக்கொள்வார். அந்தப் பென்சிலை மேசை முழுக்கத் தேடிவிட்டுக் கடைசியில் என்னிடம் வந்து கேட்பதும் உண்டு. நான் பதில் சொல்லாமல் என் கொண்டையைத் தொட்டுக் காட்டுவேன்.

நாற்பதைத் தாண்டியவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பா மட்டும் கூட இருந்தார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். காலமெல்லாம் எஞ்சின் சத்தத்தில் நின்றதாலோ என்னவோ, காது மந்தம். மத்தியானம் ஆனால் மேடம் அவருக்குப் போன் போட்டு மாத்திரை விழுங்கியாயிற்றா என்று விசாரிப்பார். மணி அடிப்பது அப்பாவுக்குக் கேட்காது. அடித்து ஓயும். மேடம் மறுபடி போடுவார். மறுபடி அடித்து ஓயும். ஜன்னல் ஓரமாக நின்று வெளியே இருக்கிற மரத்தைப் பார்த்தபடி, ஜபம் பண்ணுகிற மாதிரி பொறுமையாகப் போட்டுக்கொண்டே இருப்பார். ஒரு நாளும் அவர் சலித்து நான் பார்த்ததில்லை. அப்பா எடுத்ததும், “அப்பா, மாத்திரை” என்று அவர் கொடுக்கிற குரல் கட்டடம் முழுக்கக் கேட்கும். மேல் மாடிச் சரித்திரத் துறையில் இருந்த வயசான வாத்தியார் ஒருவர், அந்தக் குரல் கேட்டால்தான் தானும் மாத்திரை போட்டுக்கொள்வதாகச் சொல்வார்.

அவருடைய வேலை நிரந்தரமில்லை. வருஷா வருஷம் நீட்டித்துக் கொடுப்பார்கள். மற்றவர்கள் கதவில் பெயர் மரப்பலகையில் இருக்கும். அவர் கதவில் மட்டும் வெள்ளைக் காகிதத்தில் எழுதி ஒட்டியிருக்கும். மழைக்காலத்தில் ஈரத்துக்குக் காகிதம் சுருண்டு தொங்கும். நான்தான் துடைத்துவிட்டுப் புது டேப் போட்டு ஒட்டுவேன்.

துறை என்றால் துறை, அங்கே என்னதான் செய்கிறார்கள் என்று எனக்கு ரொம்ப நாள் விளங்கவில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். ஒருநாள் மேடத்திடமே கேட்டுவிட்டேன். ஆஸ்பத்திரி எங்கே இருக்க வேண்டும், அங்கே போய்ச் சேர ஜனங்கள் என்ன பாடு படுகிறார்கள், போகாமலே இருந்துவிடுகிறவர்கள் யார் என்றெல்லாம் வீடு வீடாகக் கேட்டு அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுக்கிற வேலை என்று சொன்னார். நாங்கள் எழுதுவதை வைத்துத்தான் ஓர் இடத்தில் கதவைத் திறப்பார்கள், இன்னோர் இடத்தில் மூடுவார்கள் என்றார். அப்படியானால் இது கடவுள் காரியம் என்று எனக்குத் தோன்றியது. சொன்னால் சிரிப்பார் என்று சொல்லவில்லை.

நோய் வந்ததும் பல்கலைக்கழகத்தைப் பூட்டினார்கள். எங்கள் துறையை மட்டும் திறந்து வைக்கச் சொல்லி உத்தரவு வந்தது. அந்தச் சமயம் தெருவுக்குத் தெரு சின்ன சிகிச்சை நிலையங்கள் போட்டிருந்தார்கள். பள்ளிக்கூட வகுப்பறையோ, நூலகத்தின் முன்னறையோ, கிடைத்த இடத்தில் ஒரு மேசை, ஒரு நர்ஸ், விரலில் மாட்டி மூச்சின் அளவைப் பார்க்கிற சின்னக் கருவி ஒன்று, அவ்வளவுதான். அவற்றால் ஜனங்களுக்கு உபயோகம் உண்டா, இல்லை மூடிவிட்டு நர்ஸுகளைப் பெரிய ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பிவிடலாமா என்று சுகாதார அமைச்சகத்துக்குத் தெரிய வேண்டியிருந்தது. வீட்டுக்குப் போய்க் கேட்க முடியாது. அதனால் போனில் கேட்டுச் சொல்லும் வேலை எங்கள் துறைக்கு வந்தது. மேடம்தான் பொறுப்பு.

பெரிய வகுப்பறையில் மேசைகளைத் தள்ளித் தள்ளிப் போட்டோம். நடுவில் பிளாஸ்டிக் தாள் தொங்கவிட்டு, புதிதாக டெலிபோன் லைன்கள் இழுத்தார்கள். ஆராய்ச்சி மாணவர்கள் முகக்கவசத்தோடு உட்கார்ந்து பேசினார்கள். யார் வீட்டுக்குப் பேசுவது என்பதைக் கம்ப்யூட்டரே சீட்டுக் குலுக்குகிற மாதிரி குலுக்கி நம்பர் எடுத்துக் கொடுக்கும். கொடுத்த நம்பரை மாற்றக் கூடாது, அதுதான் நியாயமான கணக்கு என்று மேடம் முதல் நாளே எல்லாருக்கும் சொல்லிக் கொடுத்தார்.

ஆனால் பாதி வீடுகளில் போனை எடுக்கவில்லை. மாணவர்கள் அடித்து அடித்து ஓய்ந்து போனார்கள். அமைச்சகத்திலிருந்து என்ன ஆச்சு, என்ன ஆச்சு என்று தலைவரைப் பிடுங்க, தலைவர் மேடத்தைப் பிடுங்கினார். அன்றைக்கு நான் டீத் தட்டோடு அங்கேதான் நின்றேன். மேடம் ரொம்ப நேரம் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே யோசித்தார். பிறகு மாணவர்களைப் பார்த்து, “மூணு தடவை அடிங்க. எடுக்கலைன்னா விட்டுட்டு அடுத்த நம்பருக்குப் போங்க” என்றார். எல்லாருக்கும் மூச்சு வந்த மாதிரி இருந்தது. டீயும் சூடாகவே காலியானது.

அதற்குப் பிறகு நடந்தது எதையும் நான் அங்கே இருந்து பார்க்கவில்லை. என் வீட்டுக்காரருக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. அவர் தண்ணீர் பம்ப் ரிப்பேர் செய்கிறவர். ஆஸ்பத்திரி என்றாலே ஆகாது. வெறும் சளி, கஷாயம் குடித்தால் போய்விடும் என்று படுத்துக்கொண்டார். எங்கள் தெருமுனைப் பள்ளிக்கூட வகுப்பறையில் ஒரு நர்ஸ் இருந்தாள். அங்கே வரைக்குமாவது வாங்க என்று கெஞ்சிக் கூட்டிப் போனேன். அவர் விரலில் கருவியை மாட்டிப் பார்த்ததும் அந்தப் பெண்ணின் முகம் மாறிவிட்டது. இவரிடம் ஒரு வார்த்தை பேசாமல் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டாள். இவர் எழுந்து போகப் பார்த்தார். “உக்காருங்கண்ணே, உங்களைவிடப் பெரிய பிடிவாதக்காரங்களையெல்லாம் காலையிலேருந்து அனுப்பிட்டு உக்காந்திருக்கேன்” என்றாள். இவர் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். கடவுள் அன்றைக்கு நர்ஸ் உடுப்பில் இருந்தார் என்று நான் இன்றும் சொல்வேன்.

பெரிய ஆஸ்பத்திரிக்குள் எங்களை விடவில்லை. கேட்டுக்கு வெளியே, நடைபாதையில், என்னைப் போல நிறையப் பேர் துணியை விரித்து உட்கார்ந்திருந்தார்கள். எல்லார் மடியிலும் ஒரு போன். யாருடையது அடித்தாலும் எல்லாரும் திரும்பிப் பார்ப்போம். உள்ளேயிருந்து போன் வந்தால் பெரும்பாலும் நல்ல சேதியாக இருக்காது.

ஒரு மத்தியானம் என் போன் அடித்தது. தெரியாத நம்பர், கடைசியில் ரெண்டு சைபர். ஆஸ்பத்திரி நம்பர் என்றே முடிவு பண்ணிவிட்டேன். கை எடுக்க வரவில்லை. மடியில் வைத்துக்கொண்டு, ஆண்டவனே, ஆண்டவனே என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு, ஓயும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன். மறுபடி அடித்தது. எடுக்கவில்லை. இன்னொரு தடவையும் அடித்து நின்றது. அப்புறம் வரவில்லை. இதற்கு மேல் தாங்காது என்று எழுந்து போய்க் கேட்டில் நின்றவரிடம் அழுதேன். அவர் உள்ளே கேட்டு வந்து, உன் புருஷன் எழுந்து உட்கார்ந்து சாப்பாட்டில் உப்பு இல்லை என்று சண்டை போடுகிறாராம், போய்ப் படு என்றார். அழுதுகொண்டே சிரித்தேன்.

நான் வேலைக்குத் திரும்பியபோது போன் வேலை முடிந்து அறிக்கையும் போய்விட்டிருந்தது. எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் முன்னால் எங்கள் துறைதான் முடித்ததாம். பேப்பரில் தலைவரும் மேடமும் தள்ளித் தள்ளி நிற்கிற படம் வந்தது. நோய்க்காலத்தில் சாதித்த ஆசிரியர்களுக்கு ஒரு விருது ஏற்பாடு செய்து, அதில் முதல் பெயராக மேடத்தின் பெயரை எழுதினார்கள். விருதோடு வேலையையும் நிரந்தரமாக்குவதாகப் பேச்சு. மேடத்தின் அறைக் கதவுக்கு மரத்தில் பெயர்ப்பலகை செய்யச் சொல்லித் தலைவர் தச்சரிடம் சொல்லிவிட்டார். பலகை வந்து, பழுப்புக் காகிதம் சுற்றியபடி தலைவருடைய அலமாரியில் இருந்தது. விருது அன்றைக்கு மாட்டலாம், அதுவரைக்கும் மூச்சு விடக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினார். எனக்கு அதைவிடப் பெரிய சந்தோஷம் இல்லை. டேப் வாங்குகிற வேலை மிச்சம் என்று சொன்னேன்.

ஒரு மத்தியானம் அப்பாவுக்கு மாத்திரையை ஞாபகப்படுத்தி முடித்துவிட்டு, மேடம் என்னை உட்காரச் சொன்னார். ஜன்னலோரமாக அந்த நாற்காலியில் அவர், தள்ளி இந்த நாற்காலியில் நான். வீட்டுக்காரரைப் பற்றி அன்றைக்குத்தான் கேட்டார். நானும் எல்லாவற்றையும் சொன்னேன். பம்ப் நின்னே போச்சுன்னு நினைச்சேன், இப்போ மறுபடி தண்ணி ஏத்துது என்று என் வீட்டுக்காரர் தன் நெஞ்சைத் தட்டிக் காட்டுவதைச் சொன்னபோது மேடம் சிரித்தார். அந்த ரெண்டு சைபர் நம்பரைப் பற்றியும் சொன்னேன். யாரோ எவரோ, அந்த நேரத்தில் கூப்பிடாமல் இருந்திருந்தால் நான் எழுந்து போய்க் கேட்டிருக்க மாட்டேன், எப்போதாவது கூப்பிட்டு நன்றி சொல்ல வேண்டும் என்று அழிக்காமல் வைத்திருக்கிறேன் என்று போனைக் காட்டினேன்.

மேடம் வாங்கிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

“அக்கா, இது எங்க லைன்” என்றார்.

எனக்குப் புரியவில்லை. பெரிய வகுப்பறையில் புதிதாக இழுத்த லைன்களில் ஒன்று அது என்றார். கம்ப்யூட்டர் குலுக்கியதில் என் நம்பரும் விழுந்திருக்கிறது. ஏதோ ஒரு மாணவர், என் நம்பர் என்று தெரியாமலே கூப்பிட்டிருக்கிறார். மூன்று தடவை அடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

நான் அட, நம்ம துறைப் போன்தானா என்று சிரித்தேன். மேடம் சிரிக்கவில்லை. அடுத்த நம்பர்ல எடுத்தவங்க வீட்ல இருந்திருக்காங்க, அதனாலதான் எடுத்திருக்காங்க என்றார், தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரி. பிறகு எனக்கு விளங்குகிற மாதிரி சொன்னார். போனை எடுத்தவர்கள் நோய் வராதவர்கள், இல்லையென்றால் லேசாக வந்து போனவர்கள். நோய் முற்றிப் படுத்திருந்தவர்களும், கேட் வாசலில் பயந்துபோய் உட்கார்ந்திருந்தவர்களும் எடுக்கவில்லை. எடுக்காத வீட்டையெல்லாம் தள்ளிவிட்டு எடுத்த வீட்டைப் போட்டு நிரப்பிவிட்டோம். அதனால்தான் அந்தச் சின்ன சிகிச்சை நிலையங்களுக்கு யாரும் அதிகமாகப் போகவில்லை, அவை தேவையில்லை என்று கணக்கு வந்திருக்கிறது. அறிக்கையில் அப்படித்தான் எழுதிக் கொடுத்திருக்கிறோம், மாசக் கடைசியில் மூடப் போகிறார்கள் என்றார்.

எங்கள் தெரு நர்ஸின் முகம் என் கண் முன்னால் வந்தது.

போனை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு மேடம், “எங்கப்பா எடுக்கலைன்னா நான் மூணு தடவையோட விடுவேனாக்கா?” என்றார்.

மறுநாளிலிருந்து யாரிடமும் சொல்லாமல் அந்தப் பெரிய வகுப்பறையில் தனியாக உட்கார்ந்தார். எடுக்காமல் விட்டுப்போன வீடுகளுக்கு ஒவ்வொன்றாக அடிக்கத் தொடங்கினார். பிளாஸ்டிக் தாள்களைக் கழற்றி எடுத்துப் போயிருந்தார்கள், மேசைகள் அப்படியே தள்ளித் தள்ளிக் கிடந்தன. நான் கூட்டுகிற சாக்கில் அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தேன். மூணாவது தடவைக்கு அப்புறமும் அடிப்பார். காலையில் எடுக்காத வீட்டுக்குச் சாயங்காலம் அடிப்பார். எடுத்தவர்கள் சிலர் திட்டினார்கள். சிலர் எந்தக் கம்பெனி, எதை விற்கிறாய் என்று கேட்டார்கள். ஒரு அம்மா, அவர் போனை அவரோடேயே புதைச்சிருக்கணும், இன்னும் கூப்பிடுறீங்களே என்று அழுதாள். மேடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, வைக்காமல், அந்த அம்மா அழுது முடிக்கும் வரைக்கும் காதில் வைத்துக்கொண்டே இருந்தார்.

வீட்டுக்கு வீடு கதை வேறு. ஆனால் சொன்னதில் ஒன்று மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. தெருமுனையில் ஒரு சிஸ்டர் இருந்துச்சு, அதுதான் பிடிச்சு அனுப்பிச்சு. ஒரு பெரியவர் மட்டும் ரொம்ப நேரம் பேசினார். அவருடைய மனைவியை அந்த சிஸ்டர் அனுப்பியும் பிழைக்கவில்லை. ஆனாலும் அவர் சொன்னார், கடைசியா அவ கையைப் பிடிச்சுக்கிட்டு ஒருத்தி பேசினா, அது அந்தப் பொண்ணுதாம்மா என்று. மேடம் போனை வைத்துவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, அடுத்த நம்பரை அடித்தார். அன்றைக்கு நான் வைத்த டீயைத் திரும்ப எடுத்துப் போகவே இல்லை. சூடு பண்ணிக் கொடுத்து என்ன ஆகப் போகிறது என்று பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

விருது விழாவுக்குச் சில நாள் இருக்கும்போது தலைவரிடம் போனார். நான் அங்கே ஜன்னல் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தேன், வெளியே போகட்டுமா என்று பார்த்தேன், யாரும் போகச் சொல்லவில்லை. தலைவர் கெட்டவர் இல்லை. முப்பது வருஷம் அந்தத் துறையைத் தன் வீடு மாதிரி வைத்துப் பார்த்துக்கொண்டவர், அந்த வருஷத்தோடு ஓய்வு பெறப் போகிறவர். மேடம் சொன்னதையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு, விருதை வாங்கி, வேலையை நிரந்தரமாக்கின கையெழுத்தும் வரட்டும், அப்புறம் சொல்லிக்கலாம் என்றார். உனக்காகத்தான் சொல்றேன், எனக்கென்ன, நான் வீட்டுக்குப் போற ஆளு என்றார்.

“அறிக்கை எங்கேம்மா ஓடிப்போகப் போகுது?” என்று கேட்டார்.

“அறிக்கை ஓடாது சார். சிஸ்டருங்களை மாத்திடுவாங்க” என்றார் மேடம். “தப்பு யாருதுன்னு கேட்டா என் பேரைச் சொல்லிடுங்க. மூணு தடவைன்னு சொன்னது நான்தான்.”

தலைவர் டீயை எடுத்து ஒரு வாய் குடித்தார். சர்க்கரையே இல்லை என்று என்னைப் பார்த்துக் குறைபட்டுக்கொண்டார். நான் போட்டிருந்தேன், ஆனால் சொல்லவில்லை. அலமாரியையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குள்தான் பழுப்புக் காகிதம் சுற்றிய அந்தப் பலகை இருந்தது. கண்ணாடியில் துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டு, ஆண்டவனே, இந்தப் பொண்ணைக் கைவிட்டுடாதே என்று வேண்டிக்கொண்டேன்.

கடைசியில் அவர் எழுந்து சட்டையைச் சரி பண்ணிக்கொண்டார். டிரைவரை வரச் சொல்லு, நானும் அமைச்சகத்துக்கு வரேன் என்றார்.

அங்கே என்ன நடந்தது என்பதை டிரைவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதிகாரி ஒருவர் ரொம்பக் கோபப்பட்டாராம். ஊருக்கெல்லாம் படம் போட்டாயிற்று, இப்போது வந்து தப்பு என்கிறீர்களே, யார் செய்த தப்பு என்று கேட்டாராம். மேடம் வாயைத் திறப்பதற்குள் தலைவர், எங்க துறை செஞ்ச தப்பு என்று சொல்லிவிட்டு, மேடத்தின் பக்கம் திரும்பவே இல்லையாம். புதுக் கணக்கு வரும் வரைக்கும் எதையும் மூடுவதில்லை என்று முடிவானது. திரும்பி வரும்போது பாதி வழியில் தலைவர், பசிக்குது, பிஸ்கட் ஏதாவது வச்சிருக்கியாப்பா என்று டிரைவரைக் கேட்டாராம்.

மறுபடி மாணவர்கள் வந்தார்கள், மறுபடி போன்கள் அடித்தன. இந்தத் தடவை மூணு தடவைக் கணக்கு கிடையாது. எடுக்காத வீட்டுக்கு எடுக்கிற வரைக்கும் அடித்தார்கள். கம்ப்யூட்டர் கொடுத்த நம்பர் என்பதால் என்னையும் முறைப்படி கூப்பிட்டார்கள். நான் தாழ்வாரத்தில் துடைப்பத்தோடு நின்றேன், கூப்பிட்ட மாணவன் கதவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தான். அவன் ஒரு நிமிஷம் பேசலாமா என்று கேட்க, நான் எட்டிப் பார்த்துக் கையை ஆட்ட, அவனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சிரிக்காம கேளு என்று மேடம் உள்ளேயிருந்து அதட்டினார். சிகிச்சை நிலையம் உபயோகமாக இருந்ததா என்று கேட்டான். என் புருஷன் உயிரோட இருக்கார், எழுதிக்கப்பா என்றேன்.

புது அறிக்கை போன பிறகு எங்கள் தெருமுனை வகுப்பறையை மூடவில்லை. நோய் அடங்கின பிறகும் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு சின்ன அறைக்கு மாற்றி, சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கிற இடமாக வைத்திருக்கிறார்கள். அதே நர்ஸ்தான். என் வீட்டுக்காரர் மாசா மாசம் அங்கே போய் அவளிடம் திட்டு வாங்கி வருகிறார். ஆஸ்பத்திரி என்றால் ஆகாத மனுஷன், இதற்கு மட்டும் தலை சீவிக்கொண்டு கிளம்புகிறார்.

விருதை மேடத்துக்குக் கொடுக்கவில்லை. தவறான அறிக்கை கொடுத்தவருக்கு எப்படிக் கொடுப்பது என்று மேலிடத்தில் கேட்டார்களாம். காலால் மிதித்தால் கையில் மருந்து விழுகிற ஸ்டாண்ட் ஒன்றைச் செய்திருந்த வேறொரு துறைக்காரர்களுக்குக் கொடுத்தார்கள். நல்ல சாமான்தான். மேடையில் செய்து காட்டியபோது மட்டும் மருந்து விருந்தினர் செருப்பில் விழுந்தது. முன் வரிசையில் உட்கார்ந்திருந்த மேடம்தான் எல்லாரையும்விட அதிகமாகக் கை தட்டினார். வேலையை நிரந்தரமாக்குகிற பேச்சும் தள்ளிப் போனது. தள்ளித் தள்ளிப் போய், அடுத்த வருஷம் நீட்டிப்பும் வரவில்லை. இன்றைக்கும் மாடிப்படிச் சுவரில் நோய்க்காலத்தில் சாதித்தவர்கள் என்று வரிசையாகப் படங்கள் மாட்டியிருக்கிறார்கள். வாரம் ஒரு தடவை அந்தக் கண்ணாடிகளைத் துடைக்கிறேன். அதில் அவர் படம் இல்லை. துடைக்கிறபோது அவருக்காக ஒரு வார்த்தை வேண்டிக்கொள்கிறேன். அதற்குப் படம் எதற்கு?

வேறு ஊரில் நர்ஸுகளுக்குப் பாடம் நடத்துகிற பள்ளி ஒன்றில் அவருக்கு வேலை கிடைத்தது. கிளம்புகிற அன்றைக்கு, ஓய்வு பெற்றுப் போயிருந்த தலைவர் வந்தார். பழுப்புக் காகிதப் பொட்டலத்தை மேடத்திடம் கொடுத்து, “இது எந்த ஊர்க் கதவுலயும் மாட்டும்மா, ஆணி மட்டும் நீயே வாங்கிக்க” என்றார். மேடம் பிரித்துப் பார்த்தார். அதில் தன் பெயரை விரலால் ஒரு தடவை தடவினார்.

நான் கதவில் இருந்த காகிதத்தைக் கிழியாமல் உரித்து எடுத்தேன். எனக்கு என்று சொல்லி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன். பெட்டிகளைக் கீழே கொண்டுபோய் வண்டியில் ஏற்றினோம். முன் சீட்டில் அவர் அப்பா உட்கார்ந்திருந்தார். வணக்கம் சொன்னேன், அவருக்குக் கேட்கவில்லை, ஆனால் சிரித்தார். மேடம் என் போனை வாங்கி, தன் பழைய நம்பரை அழித்துவிட்டு, ஊருக்குப் போனதும் நம்பர் மாறும் என்றார். தெரியாத நம்பர் என்றால் இன்னும் பயம்தான் மேடம், கை எடுக்க வராது என்றேன்.

அவர் வண்டியில் ஏறி உட்கார்ந்து, கண்ணாடியை இறக்கி, போனை என் கையில் திரும்ப வைத்தார்.

“பயமா இருந்தா எடுக்காதீங்க அக்கா. நான் அடிச்சுக்கிட்டே இருப்பேன். உங்களை விட்டுட்டு அடுத்த நம்பருக்குப் போக மாட்டேன்.”